சும்மா நின்னு போகுது: ஒரு புதுக் கணினியும் சில பழைய சமாதானங்களும்

போன சித்திரையில் ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன். கம்பெனிப் பெட்டி இல்லை. கடையில் பாகம் பாகமாகச் சொல்லிச் சேர்த்து வாங்கிய அசெம்பிள்ட் சிஸ்டம். கடையின் பெயரையோ பாகங்களின் பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. ஏன் என்பது படித்துக்கொண்டு போனால் உங்களுக்கே புரியும்.

மாரியூர் வீட்டுக்கு வந்து சேர்ந்த மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு கோப்பைச் சேமிக்கப் போன நேரத்தில் திரை நீலமாகி, தானே அணைந்து, தானே எழுந்துகொண்டது. மறுநாள் இரண்டு தடவை. அதற்கடுத்த நாள் ஒன்றுமே இல்லை. அப்புறம் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை. கடைக்குப் போன் போட்டு, "சும்மா நின்னு போகுதுங்க" என்றேன்.

இந்தக் கட்டுரை அந்த ‘சும்மா’வைப் பற்றியது. அதைச் சொன்ன என்னையும், அதைக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னவர்களையும் சேர்த்தே விமரிசிக்கப் போகிறேன்.

முதலில் எனக்குக் கணினி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில் கிடப்பது உப்பளம். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளம் அங்கேதான். அதில் உப்பு வாரியவர்களின் பேச்சைச் சில வருடங்களாகப் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதி வைத்து வருகிறேன். பேசியவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு அப்பத்தா, பேசி முடித்த எட்டாம் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் திரும்பப் போய், "ஆத்தா, அன்னைக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்க முடியாது. அந்தப் பேச்செல்லாம் இருந்தது இந்தப் பெட்டிக்குள்ளேதான். அதனால் இது விளையாட்டுச் சாமான் கெட்டுப்போன கதை இல்லை.

மூன்று பதில்கள்

நின்று போகிறது என்று சொன்னதும் கிடைத்த பதில்கள் மூன்று.

கடைக்காரர் சொன்னது: "உங்க ஊர்ல கரண்ட் சரியில்ல சார். ஏறி இறங்கும்."

பக்கத்து வீட்டு மாமா சொன்னது: "கடக்கரையில வச்சிருக்க. உப்புக் காத்து எதை விட்டுச்சு? கதவுக் கீலே நாலு வருஷம் தாங்கல."

சாயல்குடியிலிருந்து வந்து பார்த்த தம்பி சொன்னது: "விண்டோஸ்தாண்ணே கரப்ட் ஆகியிருக்கும். புதுசா போட்டு விட்டுர்றேன்."

இந்த மூன்றையும் நான் கிண்டல் செய்ய எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றுமே நடக்கக்கூடியவைதான். மத்தியானத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்குவதை மின்விசிறியே சொல்லும். உப்புக்காற்று எலக்ட்ரானிக்ஸைத் தின்னும் என்பதும் உண்மை. விண்டோஸ் கெட்டுப்போவதும் உண்டு. என் குறை வேறு. மூன்று பேருமே பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் பதிலை வைத்திருந்தார்கள். அந்தப் பதில் எந்தக் கணினிக்கும், எந்த நாளுக்கும் பொருந்தும். எப்போது தப்பாகும் என்று சொல்ல முடியாத பதிலை நம் ஊரில் காரணம் என்று சொல்வதில்லை, சமாதானம் என்றுதான் சொல்வோம்.

நானும் உத்தமன் இல்லை. முதல் ஒரு வாரம் மூன்று சமாதானங்களையும் மாற்றி மாற்றி நம்பினேன். அணைந்தால் திரும்பப் போட்டேன், நேரத்தைக்கூடக் குறிக்கவில்லை. அந்த ஒரு வாரத்து நோட்டு என்னிடம் இருந்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

நோட்டுப் போட்ட பிறகு

இரண்டாம் வாரத்தில் ஒரு 40 பக்க நோட்டை எடுத்து நாலு கட்டம் கிழித்தேன். மணி, என்ன செய்துகொண்டிருந்தேன், திரையில் என்ன வந்தது, அறை எப்படி இருந்தது. 11 நாளில் 14 வரி சேர்ந்தது. 14-ல் 10 மத்தியானம் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில். ராத்திரியில் ஒன்றே ஒன்று. விடிகாலையில் ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டத்தில் சமாதானங்களைக் காரணங்களாக மாற்றிப் பார்க்க முடிந்தது. அதாவது, ஒவ்வொன்றும் உண்மையானால் நோட்டில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்க முடிந்தது.

உப்பை எடுத்துக்கொள்வோம். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் ஈரத்தை இழுத்துக் கரைசலாகிறது. அப்போதுதான் போர்டின் மேல் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் அது பாலம் போடும். அளத்து வேலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, உப்பு எப்போது கசியும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியானால் உப்பு காரணமாக இருந்தால் ஈரம் ஏறிய ராத்திரியிலும் விடிகாலையிலும் கணினி அதிகம் நின்றிருக்க வேண்டும். என் நோட்டு நேர்மாறாகச் சொன்னது. தவிர, மூன்று நாள் வயசான பெட்டி. திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், கடையிலிருந்து வந்த பளபளப்பு அப்படியே இருந்தது. உப்பு தன் வேலையைச் செய்யும், ஆனால் அதற்கு மாதங்களும் வருடங்களும் வேண்டும். மாமா சொன்ன கதவுக் கீலுக்கே நாலு வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்தது கரண்ட். மத்தியானக் கணக்கு கரண்டுக்குச் சாதகமாகத்தான் தெரிந்தது. சாயல்குடித் தம்பி விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து ஒரு சிவப்பு வரியைக் காட்டினார். கெர்னல்-பவர், எண் 41. "பாத்தீங்களாண்ணே, பவர்னே போட்டிருக்கு."

இந்த வரி எத்தனை பேரை எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வைத்திருக்குமோ தெரியாது. பெயரில் பவர் இருக்கிறதே தவிர, அந்த வரி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன தடவை இந்தக் கணினி முறையாக அணைக்கப்படவில்லை. கரண்ட் போனாலும் அது வரும். நீலத்திரை வந்து தானே எழுந்தாலும் வரும். பொத்தானை அழுத்திப் பிடித்து நாமே அணைத்தாலும் வரும். வீட்டில் ஆள் விழுந்து கிடக்கிறார் என்று சொல்வது போல. ஏன் விழுந்தார் என்பது அதில் இல்லை.

ஆனால் அதே வரிக்குள், விவரங்கள் என்ற பக்கத்தில், பக்செக் கோடு என்று ஓர் எண் இருக்கிறது. அது பூஜ்யமாக இருந்தால் கணினி ஒரு வார்த்தை சொல்லக்கூட நேரமில்லாமல் போயிருக்கிறது, அப்போது கரண்டைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. பூஜ்யம் இல்லையென்றால், விண்டோஸே ஏதோ தப்பைக் கண்டு, தெரிந்தே தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறது. என் கணினியில் பெரும்பாலும் 26 என்று இருந்தது. சில தடவை 10, சில தடவை 80. 26 என்பது நீலத்திரையில் மெமரி மேனேஜ்மென்ட் என்று வருமே, அது. 10-ம் 80-ம் நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டதற்கான கூப்பாடுகள். அவை டிரைவர் கோளாறாலும் வரும்தான். ஆனால் மூன்றும் மாறி மாறி வருவது ஒரு தடயம். ஒரே மென்பொருளில் பிழை என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழும். நாளுக்கு ஓர் இடத்தில் விழுகிறது என்றால் கால் வைக்கும் தரையைத்தான் பார்க்க வேண்டும்.

கரண்டுக்கு இன்னொரு சோதனையும் வைத்தேன். மச்சான் வீட்டு யூ.பி.எஸ்-ஐக் கடன் வாங்கி, மத்தியானம் சுவர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன். எட்டாம் நிமிஷத்தில் நின்றது. யூ.பி.எஸ். தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தெருவின் கரண்ட் அதோடு விடுதலை.

மிச்சம் விண்டோஸ். தம்பி பென் டிரைவிலிருந்து புதிதாகப் போட ஆரம்பித்தார். 38 சதவீதத்தில் ‘கோப்பு சேதமடைந்துள்ளது’ என்று நின்றது. "பென் டிரைவ் போச்சுண்ணே" என்றார். இரண்டாம் தடவை 61-ல் நின்றது. இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பென் டிரைவில் ஒரு கோப்பு கெட்டிருந்தால் இரண்டு தடவையும் அதே இடத்தில் அல்லவா நிற்க வேண்டும்? கோப்பு நல்லாத்தான் இருக்கிறது. வழியில் யாரோ அதைக் கெடுக்கிறார்கள். தம்பியிடம் சொன்னதும் அவருக்கும் புரிந்துவிட்டது. "அப்ப ரேமுண்ணே" என்றார்.

குற்றவாளி இல்லாத குற்றம்

மெம்டெஸ்ட் 86 என்று ஒரு சோதனை நிரல் இருக்கிறது. விண்டோஸ் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து ஓடும். நினைவகத்தின் ஒவ்வொரு மூலையிலும் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். என் பெட்டியில் 8 ஜிபி வீதம் நாலு டி.டி.ஆர் 5 ரேம். நாலையும் வைத்து ஓட்டினேன். முதல் சுற்று சுத்தம். இரண்டாம் சுற்றில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின.

பிறகு ஒவ்வொரு ரேமாகக் கழற்றி, தனித்தனியாக நாலு நாள் ராத்திரியும் பகலும் சோதித்தேன். நாலுமே தேறின. இது எனக்குப் பெரிய ஏமாற்றம். கையும் களவுமாக ஒருத்தனைப் பிடித்துக் கடைக்காரரிடம் ஒப்படைக்கலாம் என்று நினைத்தேன், நாலு பேரும் நல்லவர்கள்.

விஷயம் இதுதான். ரேம் அட்டையின் பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும். அது அந்த அட்டை இயல்பாக ஓடும் வேகம் இல்லை. டி.டி.ஆர் 5-இன் தரக் கணக்கு 4800-ல், 1.1 வோல்ட்டில் தொடங்குகிறது. 6000 என்பது எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை பயாஸில் முடுக்கிவிட்டு, வோல்டேஜைப் பெரும்பாலும் 1.35 வரை ஏற்றி ஓட்டும் வேகம். சுருக்கமாக, ஓவர்கிளாக்கிங். அட்டை அதற்குத் தயாராக இருக்கலாம். ஆனால் அந்த வேகத்தை பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும், மதர்போர்டின் கம்பித் தடங்களும் தாங்க வேண்டும். இரண்டு அட்டை என்றால் ஒரு பாரம், நாலு அட்டை என்றால் வேறு பாரம். பிராசஸர் கம்பெனிகளே இதைத் தங்கள் பட்டியலில் எழுதித்தான் வைத்திருக்கின்றன. உதாரணத்துக்கு ஏ.எம்.டி. தன் ரைசன் 7000 வரிசைக்கு உறுதியளிக்கும் வேகம் இரண்டு அட்டைக்கு 5200, நாலு அட்டைக்கு 3600.

என் பெட்டியில் நாலு அட்டை, எக்ஸ்.எம்.பி. முடுக்கப்பட்டு 6000-ல் ஓடிக்கொண்டிருந்தது. காலையில், அறை குளிர்ந்திருக்கும்போது, தத்தளித்துக்கொண்டே ஓடிவிடும். மத்தியானம் ஓட்டுக்கூரை கொதிக்கும்போது அந்தக் கொஞ்ச இடைவெளியும் போய்விடும். மத்தியானக் கணக்கின் சூட்சுமம் இதுதான். கரண்டும் மத்தியானத்தில் இறங்குகிறது, அறையும் மத்தியானத்தில் சுடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒன்றின் பழி மற்றொன்றின் மேல் விழுந்திருந்தது. எக்ஸ்.எம்.பி.யை அணைத்து, நாலு அட்டையையும் திரும்ப மாட்டி மெம்டெஸ்ட்டை விடிய விடிய ஓட்டினேன். மறுநாள் மத்தியானம் வரை விட்டேன். ஒரு பிழைகூட இல்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட கேள்வி என்னை வாயடைக்க வைத்தது: "எல்லா ரேமும் தனித்தனியா நல்லா ஓடுதுன்னு நீங்களே சொல்றீங்க சார். நான் எதை மாத்தித் தர்றது?"

அசெம்பிள்ட் சிஸ்டத்தின் வாரன்டி இப்படித்தான் இருக்கிறது. ரேமுக்கு ஒரு வாரன்டி, மதர்போர்டுக்கு ஒரு வாரன்டி, பிராசஸருக்கு ஒரு வாரன்டி. எல்லாம் சேர்ந்து ஒன்றாக ஓடும் என்பதற்கு ஒருவரும் பொறுப்பில்லை. பாகங்கள் எல்லாம் நல்லவை, கணினி மட்டும் கெட்டது. இதனால்தான் கம்பெனிப் பெயர் எதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் தப்புச் செய்யாத ஒருவர் மேல் பழி விழும். பொறுப்பு இருப்பது சேர்த்து விற்றவரிடம். 6000 என்று பில்லில் எழுதி, நாலு அட்டையைச் சொருகி, ஒரு ராத்திரி சோதித்துப் பார்க்காமல் அனுப்பியதில்.

பெரிய இடத்திலும் இதே சமாதானம்தான்

இது சின்னக் கடை, சின்ன ஊர் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். இதே நாடகம் உலக அளவில் சமீபத்தில்தான் நடந்து முடிந்தது.

இன்டெல் 2022 அக்டோபரில் 13-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களையும், 2023 அக்டோபரில் 14-ஆம் தலைமுறையையும் வெளியிட்டது. புதுக் கணினி வாங்கியவர்கள், முக்கியமாக விலை கூடிய ஐ9, ஐ7 வாங்கியவர்கள், விளையாட்டுகள் பாதியில் நிற்பதாகப் புலம்ப ஆரம்பித்தார்கள். திரையில் வந்த செய்தி என்ன தெரியுமா? வீடியோ நினைவகம் போதவில்லை. நிறைய பேர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். நமது கெர்னல்-பவர் 41 கதைதான். விழுந்த இடத்தைச் செய்தி காட்டுகிறது, தள்ளிவிட்ட கையைக் காட்டவில்லை.

துப்புக் கிடைத்தது ஒரு வேடிக்கையான இடத்தில். விளையாட்டுக் கோப்புகளைச் சுருக்கி அடைக்கவும் பிரிக்கவும் ஊடில் என்ற மென்பொருள் பயன்படுகிறது. பொட்டலம் பிரிக்கும்போது உள்ளே இருப்பது சரியா என்று அது சரிபார்க்கும். அந்தச் சரிபார்ப்பு இந்த பிராசஸர்களில் தவறிக்கொண்டே இருந்தது. அதைச் செய்தவர்கள் இது மென்பொருள் பிழையில்லை, வன்பொருள் என்று 2024 தொடக்கத்தில் எழுதினார்கள். என் வீட்டில் விண்டோஸ் போடும்போது 38-லும் 61-லும் நின்றதே, அதே வகைத் துப்பு. பிரித்துச் சரிபார்க்கிறவன் கண்ணில்தான் கலப்படம் முதலில் படும்.

அதன்பின் பழி மதர்போர்டுகளின் பக்கம் திரும்பியது: அவை அளவுக்கு மீறி மின்சாரம் கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. அது பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை. 2024 ஜூலையில்தான் இன்டெல், தன் மைக்ரோகோடே பிராசஸருக்குத் தப்பான வோல்டேஜைக் கேட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் ஒரு திருத்தம், கூடவே வாரன்டிக்கு இரண்டு வருட நீட்டிப்பு. செப்டம்பரில் முழு விளக்கம்: கூடுதல் வோல்டேஜும் வெப்பமும் பிராசஸருக்குள் இருக்கும் கிளாக் சுற்றை வயதுக்கு முன்னமே கிழடாக்கிவிட்டன. அப்படிக் கிழடானதை எந்தத் திருத்தமும் இளமையாக்காது, பிராசஸரை மாற்றத்தான் வேண்டும். வாங்கியவர்கள் சொல்லத் தொடங்கியதற்கும் இந்த விளக்கத்துக்கும் நடுவில் மாதக்கணக்கு ஓடிவிட்டது. அதற்குள் எத்தனையோ பேர் கிராபிக்ஸ் கார்டை மாற்றி, விண்டோஸை மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

இன்டெலுக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 1994-ல் பென்டியம் பிராசஸர் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுகிறது என்று தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். சாதாரண ஆட்களுக்கு இதனால் பாதிப்பில்லை, தேவை என்று நிரூபிப்பவர்களுக்கு மாற்றித் தருகிறோம் என்றுதான் கம்பெனி முதலில் சொன்னது. எதிர்ப்பு வலுத்து, அந்த டிசம்பரில் கேட்ட எல்லோருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அதற்காக 47.5 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. 1994-லும் 2024-லும் நிரூபிக்கும் பாரம் முதலில் வாங்கியவர் தலையில்தான் ஏறியது. மாரியூரிலும் அப்படித்தான்.

‘சும்மா’ என்று ஒன்று இல்லை

சும்மா நிற்கிறது என்ற பேச்சுக்கு நல்ல மறுப்பு 2011-ல் வந்தது. மைக்ரோசாஃப்டின் நைட்டிங்கேல், டவுசர், ஒர்கொவன் மூவரும் சுமார் பத்து லட்சம் வீட்டுக் கணினிகள் அனுப்பிய நிலைகுலைவு விவரங்களை ஆராய்ந்தார்கள். வன்பொருள் கோளாறால் ஒரு தடவை நின்ற கணினி, இன்னொரு தடவை நிற்பதற்கான வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடுகிறது என்று கண்டார்கள். வானத்திலிருந்து வரும் கதிர் எப்போதாவது ஒரு பிட்டைத் தட்டிவிடும், அதற்கு யாரும் பொறுப்பில்லை என்ற பேச்சு இந்த எண்ணுக்கு முன்னால் நிற்காது. கதிர் குறிபார்த்து அதே பெட்டிக்குத் திரும்ப வராது. திரும்ப வருவது கோளாறு.

2009-ல் டொராண்டோவின் பியான்கா ஷ்ரோடரும் கூகுள்காரர்களும் கூகுளின் சர்வர்களை ஆராய்ந்தபோது, ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் அட்டைகளில் பிழை பதிவாகியிருந்தது. சர்வரில் அது பதிவாவதற்குக் காரணம், அங்கே பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஈ.சி.சி. ரேம் இருப்பதுதான். நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது கிடையாது. பிழை வந்தாலும் யாரும் குறித்துக்கொள்வதில்லை.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போனது. கணினி நின்றது 14 தடவை. நிற்காமல், சத்தமில்லாமல் தப்பாக எழுதியது எத்தனை தடவை?

ர-வும் ற-வும்

யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ர-வின் எண்ணுக்கும் ற-வின் எண்ணுக்கும் கடைசியில் ஒரே ஒரு பிட் வித்தியாசம். அதேபோல ல-வும் ள-வும். ந-வும் ன-வும். ழ-வும் வ-வும். ம-வும் ய-வும். ரேமில் ஒரு பிட் புரண்டால் ‘மாரியூர்’ என்பது ‘மாறியூர்’ ஆகிவிடும். ‘அரை மூட்டை’ ‘அறை மூட்டை’ ஆகும். ‘உப்பளம்’ ‘உப்பலம்’ ஆகும். எதுவும் கணினிப் பிழையாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படிக்காதவன் எழுதியது போலத்தான் தெரியும்.

எண்கள் இன்னும் மோசம். 1-க்கும் 9-க்கும் ஒரு பிட்தான். 4-க்கும் 5-க்கும் ஒரு பிட். கூலிக் கணக்கு எழுதிய கோப்பில் 12 ரூபாய் 92 ரூபாயாகப் புரள ஒரே ஒரு பிட் போதும். பிறகு யாராவது அதை எடுத்து மேற்கோள் காட்டுவார்கள்.

பழைய மடிக்கணினியில் என் ஒலிப்பதிவுகளின் மூலப்பிரதிகள் இருந்தன. புதுக் கணினிக்கு மாற்றியவற்றோடு ஒப்பிட, கோப்புகளின் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 200-க்கு மேற்பட்ட கோப்புகளில் இரண்டு ஒத்துவரவில்லை. இரண்டும் ஒலிக்கோப்புகள், காதால் கேட்டால் வித்தியாசமே தெரியவில்லை. மூலம் இருந்ததால் தப்பினேன்.

ஆனால் புதுக் கணினியில் உட்கார்ந்து தட்டச்சு செய்த எழுத்துகளுக்கு வேறு மூலம் கிடையாது. ஒரு கோப்பில் ‘மாறியூர்’ என்று ஓர் இடத்தில் இருந்தது. என் விரல் செய்ததா, ரேம் செய்ததா, சொல்ல வழியில்லை. கணினி நின்றுபோவதைக் கோபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவன் நான். யோசித்தால், நின்றுபோனதுதான் எனக்குச் செய்த உபகாரம். நிற்காமல் ஓடியிருந்தால் ஒரு வருடம் தப்பாக எழுதிக்கொண்டே இருந்திருக்கும், நானும் நம்பியிருப்பேன்.

முடிவும் சில யோசனைகளும்

நோட்டின் 14 வரிகளையும், மெம்டெஸ்ட்டின் படங்களையும், பில்லையும் சேர்த்துக் கடைக்கு எழுதி அனுப்பினேன். கூடவே, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி புகார் கொடுக்க நான் வாங்கிய ஊருக்குப் போக வேண்டியதில்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே, ராமநாதபுரத்திலேயே கொடுக்கலாம் என்பதையும், 5 லட்ச ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை என்பதையும் மரியாதையாகக் குறிப்பிட்டேன். சண்டை போடவில்லை. நாலாம் நாள், நாலு 8-ஐ எடுத்துக்கொண்டு இரண்டு 16 தந்தார்கள். பஸ் செலவு என்னுடையது. அன்றிலிருந்து நிற்கவில்லை. இருந்தாலும் எக்ஸ்.எம்.பி.யை அணைத்தே வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது வேகம் இல்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை. 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு அட்டையாக வாங்குங்கள். கடையிலேயே மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான். வீட்டுக்கு வந்தபின் நின்றால், முதல் தடவையே மணியையும் எண்ணையும் குறியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமையும் விண்டோஸையும் ஒரே நாளில் மாற்றினால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ரேம் சோதித்து முடியும்வரை முக்கியமான கோப்பு எதையும் அந்தக் கணினியில் திறந்து சேமிக்காதீர்கள்.

சாயல்குடித் தம்பி போன மாதம் வேறு வேலையாக வந்தவர் என் பென் டிரைவைக் கேட்டு வாங்கிப் போனார். "கரண்டுன்னு சொல்லி ரெண்டு வீட்ல எஸ்.எம்.பி.எஸ். மாத்திட்டேண்ணே, ஒண்ணு இன்னும் நிக்குது" என்றார். மேல்பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. நான் கேட்கவில்லை.

நான் இப்போது அப்பத்தாவின் பதிவுகளை முதலிலிருந்து திரும்பக் கேட்டு, எழுதியதை வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறு மணி நேரப் பேச்சு. நேற்று கூலி பற்றிய இடம் வந்தது. "எனக்குக் கல்யாணம் ஆன வருசம் பன்னெண்டு ரூவாப்பா" என்கிறார், பின்னால் காற்று இரைகிறது. கோப்பைப் பார்த்தேன். 12 என்றுதான் இருக்கிறது. இன்னும் நாலு மணி நேரம் பாக்கி.